லாங் ஆனில் திரவியம்

பந்து மேலே போய்விட்டது. கடைசி ஓவர், கடைசி விக்கெட். பிடித்தால் திரவியத்தின் அணி மூன்றாம் டிவிஷனிலிருந்து இரண்டாவதற்கு ஏறும். எல்லைக்கோட்டைத் தாண்டவிட்டால் எதிரணி ஏறும். காதோரம் நரைக்கும்வரை சீசனுக்கொரு கிளப் மாறியும் அவன் ஏறாத படி அது. எந்த கிளப் கூப்பிட்டாலும் அவனை எல்லைக்கோட்டில்தான் நிறுத்துவார்கள். பேட்டிங்கில் அவன் முறை வருவதற்குள் ஆட்டம் முடிந்துவிடும். தலையில் இந்த வருடத் தொப்பி, முட்டி கிழிந்த பேண்ட்டில் போன வருட கிளப்பின் சிங்கச் சின்னம். அந்த கிளப்தான் இன்று எதிரணி.

பந்து வெயிலுக்குள் புகுந்து கரும்புள்ளியாக இறங்கியது. திரவியம் அண்ணாந்தபடியே பின்னால் ஓடினான். முதுகுப் பக்கம் எதிரணியின் ஷாமியானாவில் நாற்காலிகள் சரிந்தன.

"உங்க கேட்ச்சுண்ணே! இன்னும் பின்னால, இன்னும் பின்னால!"

போன வருடம் முழுக்கக் கத்திய அதே குரல்கள் பழக்கத்தில் கத்தின. பிடித்தால் தோற்பது தாங்கள்தான் என்று ஒருவனுக்கும் உறைக்கவில்லை. "டேய், நாம எந்த டீம்டா?" என்று தலையில் அடித்துக்கொண்ட அவர்களின் கேப்டனும், அடுத்த நொடி நாற்காலி மேல் ஏறி நின்றார்.

திரவியம் கைகளைக் குவித்தான். ஆடுகளத்தின் நடுவே, பந்தை அடித்தவனே ஓட மறந்து, மட்டையைத் தூக்கிக்கொண்டு கத்தினான்:

"விட்றாதீங்கண்ணே!"