யாருமில்லாத வீடு

வெளிநாட்டிலிருந்து தொண்டு செய்ய மலாவிக்குத் தனியாக வந்து மூன்று வாரமாகியும் இஷ்பெல்லை யாரும் ஒரு வேலையும் செய்ய விடவில்லை. தன்னால் ஒருவருக்காவது உதவி ஆகவேண்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தாள். இன்று தேவாலய மகளிர் சங்கம் ஓர் ஏழை வீட்டுக்கு அவளையும் வரச் சொல்லியிருந்தது. சந்தோஷமாகக் கிளம்பினாள்.

"ரொம்பக் கஷ்டப்படுறாங்களா அக்கா?"

"பின்ன? அம்மா, அக்கா, தங்கச்சி ஒருத்தரும் கிட்ட இல்ல. தனியா உட்கார்ந்து சாப்பிடுறா, பாவம்," என்றாள் சங்கத் தலைவி நாபிரி.

"அடுப்பு மூட்டத் தெரியாது. குடத்தைத் தலையில வச்சா பாதித் தண்ணி ரோட்டுலதான்," என்று சிரித்தாள் சங்கத்துப் பெண் டலிட்சோ.

"கேலி பண்ணாதீங்க! நான் தினமும் போய் அவங்களைப் பார்த்துக்கிறேன்."

சோளமாவும் விறகும் சுமந்து பெண்கள் பாடிக்கொண்டே நடந்தார்கள். இஷ்பெல்லுக்கு நடையே ஓட்டமாக இருந்தது. ஒரு வாசலில் பாட்டு நின்றது.

அது அவள் தங்கியிருந்த வீடு.

"இங்க ஏன் அக்கா?"

"எங்க பட்டியல்ல முதல் பேரே நீதான்டி."

"நானா? எனக்குத்தான் எல்லாம் இருக்கே!"

"எல்லாம் இருக்கு," என்றாள் நாபிரி, மாவை இறக்கியபடி. "உனக்குன்னு யாரு இருக்கா?"

இஷ்பெல்லுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. கதவை அகலத் திறந்தாள்.