பரீட்சைக்கு ஒரு முகம்

ஸ்டுடியோக்காரர் விளக்கைப் போடுகிறார். ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் பதின்மூன்று வயதுப் பெண்ணின் மூக்கோரத்தில் பருக்கள் சிவந்து தெரிகின்றன. பக்கத்தில் தாய்க்காரி மகளின் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அதில் ஃபில்டர் போட்டு எடுத்த படத்தில் இருக்கும் மகளுக்குப் பருவும் இல்லை, மூக்கும் பாதிதான். சுண்ணாம்பு அடித்த பொம்மை. நாளைக்குப் பரீட்சை. நுழைவு அட்டைக்கு இந்தப் படத்தை அனுப்பியதற்கு, இது யார் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுத் திருப்பிவிட்டார்கள். சரியான படம் ஒட்டாவிட்டால் உள்ளே விடமாட்டார்களாம். இதை அனுப்பவும் ஒரு தாய் துணிந்தாளே என்று அவருக்கு வாய் கசக்கிறது.

"இதே மாதிரி, ஆனா கொஞ்சம் கம்மியா பண்ணிக் குடுங்கண்ணா."

"கம்மின்னா எப்படிம்மா? முக்கால் மூக்கா?"

படத்தை எடுத்துக் கம்ப்யூட்டரில் காட்டுகிறார். பெண் ஒரு தரம் பார்த்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். "இந்த மூஞ்சியோட நான் பரீட்சைக்குப் போகமாட்டேன்."

"எப்படிப் பேசுறா பாருங்கண்ணா!"

"நீங்க பெத்த மூஞ்சி நல்லால்லன்னு தினமும் சொல்ற இந்தப் போனைக் கடைக்குப் போய் நீங்கதானம்மா வாங்கிக் குடுத்தீங்க? அவ வேற எப்படிப் பேசுவா?"

பிரிண்டர் உறுமுகிறது. பருவும் முழு மூக்குமாக எட்டு முகங்கள் சூட்டோடு வெளியே வருகின்றன. கத்தரித்து, உறையில் போட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் நீட்டுகிறார். இரண்டு பேரில் ஒருத்தியும் கை நீட்டவில்லை.