பெயர் எழுதாத ஜெபம்

பதினோராவது சீட்டைப் படித்ததும் கணக்கு டீச்சருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

அதுவரை நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. வேத பாடம் எடுக்கும் சிஸ்டருக்குக் காய்ச்சல் என்பதால் ஏழாம் வகுப்பின் ஜெபப் பெட்டி இவள் தலையில் விழுந்திருந்தது. பெயர் எழுதாமல் பிள்ளைகள் போடும் சீட்டுகளைப் பிரித்து, நாளைக் காலை ஜெபத்துக்கு அடுக்கிவைக்க வேண்டும்.

காணாமல் போன பூனைக்காக ஒரு சீட்டு. அக்காவின் கல்யாணத்துக்காக ஒன்று. கணக்குப் பரீட்சை தள்ளிப்போகும்படி கேட்டு மூன்று.

ஏழாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பது அவள் இல்லை. அதனால் தாராளமாகச் சிரித்தாள்.

பதினோராவதில் இரண்டே வரி.

‘ஆண்டவரே, அப்பா செத்துப் போக வேண்டும். நான் விழித்திருப்பது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.’

தலைமை ஆசிரியையான பெரிய சிஸ்டரிடம் ஓடினாள். அவர் சீட்டை இரண்டு முறை படித்தார்.

“கடைசி மணி அடிக்கறதுக்குள்ள யாருன்னு கண்டுபிடிங்க டீச்சர். இந்தப் பிள்ளைய இன்னிக்கு அப்படியே வீட்டுக்கு அனுப்ப முடியாது.”

மணி அடிக்க முப்பத்தைந்து நிமிடம் இருந்தது.

வகுப்பில் போய் நின்று ‘யார் எழுதியது’ என்று கேட்டால் எந்தப் பிள்ளை எழுந்திருக்கும்? எழுத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

எண்கள் என்றால் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுத்து அப்படியில்லை. ஆசிரியர் அறை அலமாரியின் முன் நின்று யோசித்தாள். வரலாற்று நோட்டு உதவாது. சொல்லச் சொல்ல ஓட்டமாய் எழுதியது. கட்டுரை நோட்டும் உதவாது. மார்க்குக்காகப் போட்ட அழகுக் கையெழுத்து. அறிவியல் நோட்டுதான் சரி. படம் வரைந்து பாகம் குறிக்கும்போது பிள்ளைகள் தங்கள் சொந்தக் கையால் எழுதுவார்கள்.

முப்பத்தெட்டு அறிவியல் நோட்டுகள்.

முதலில், குடித்துவிட்டு வந்து பள்ளி வாசலில் சத்தம் போட்டவரின் மகனுடையதைத் தேடி எடுத்தாள். இல்லை. முதல் பாடவேளையிலேயே தூங்கி விழும் பெண்ணுடையது. அதுவும் இல்லை. வீட்டுப்பாடமே செய்யாதவன் என்று பெயரெடுத்தவனின் எழுத்து முத்து முத்தாக இருந்தது. சந்தேகப்பட்டதற்காக அவனிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

அப்புறம் வரிசையாகப் புரட்டினாள். பூவின் பாகங்கள். இதயத்தின் அறைகள்.

புரட்டப் புரட்ட, அப்பனைவிட அந்த அம்மாக்காரி மீதுதான் ஆத்திரம் பொங்கியது. பெற்ற பிள்ளை தூங்குகிறதா, விழித்துக் கிடக்கிறதா என்றுகூடவா பார்க்க மாட்டாள்? கையில் கிடைக்கட்டும், நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்க வேண்டும்.

இருபத்தாறாவது நோட்டில், மழை உண்டாகும் விதம்.

‘ழ’வின் வால் கீழே இறங்கி அடுத்த வரியைத் தொட்டது. புள்ளிகள் எல்லாம் குட்டிக் குட்டி வட்டங்கள். சீட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே கை.

அப்பாடா, கிடைத்துவிட்டது.

பெயரைப் பார்க்க நோட்டை மூடினாள்.

பெயரைப் படிக்கத் தேவையிருக்கவில்லை. பள்ளி திறப்பதற்கு முந்தின நாள், தரையில் உட்கார்ந்து அந்த அட்டையைப் போட்டது அவள்தான். லேபிளில் மகளின் பெயரை எழுதியதும் அவளே.

தன் பிள்ளை படிக்கும் வகுப்புக்கு எந்த ஆசிரியரும் பாடம் எடுக்கக் கூடாது என்பது அந்தப் பள்ளியின் சட்டம். வீட்டிலோ, “எல்லாம் எழுதிட்டேம்மா” என்று மகள் சொன்னால் அதோடு விட்டுவிடுவாள். பிள்ளையின் எழுத்து எப்போது இப்படி மாறியது என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதவைத் தாழிட்டு, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, ஒரு முனகல்கூட வெளியே போகாமல் அத்தனை அடியையும் வாங்கியிருந்தாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. குழந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று.

பெரிய சிஸ்டர் வாசலில் வந்து நின்றார்.

“தெரிஞ்சுதா டீச்சர்? அந்தப் பிள்ளையோட அம்மாவுக்குப் போன் போட்டு வரச் சொல்லட்டுமா?”

‘இன்னும் தெரியல சிஸ்டர்’ என்றுதான் முதலில் வாயில் வந்தது. இத்தனை வருஷமாக எதையும் சொல்லாமலே பழகிப்போன வாய். நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தாள்.

“போன் வேண்டாம் சிஸ்டர். அந்த அம்மா நான்தான்.”