கஸ்பார் தேடிய ஆள்

விமானம் விழுந்த இடத்தில் கஸ்பார் இரண்டாம் முறையாக மூழ்கினான். கரையில் நின்ற அவன் மனைவி அல்போன்சா, கண்ணால் கண்டிராத அந்த விமானிக்காக மாதாவிடம் வேண்டிக்கொண்டாள். அவனுக்காகவும் ஒருத்தி எங்கேயோ உலை வைத்துக் காத்திருப்பாளே.

வேம்பார்க் கடற்கரையில் உயரமான ஏரியலோடு நின்ற சோதனை வண்டிக்கு, ஒரு வாரமாக அவள்தான் சோறு கொண்டுபோனாள். உள்ளே காகிதச் சுருளின்மேல் நான்கு பேனாக்கள் தாமாகவே கோடு கிழிக்கும். பறக்கிற விமானம் தன் உயரத்தையும் வேகத்தையும் எஞ்சின் சூட்டையும் இறக்கை நடுக்கத்தையும் ரேடியோவில் அனுப்ப, கீழே பேனாக்கள் எழுதிக்கொள்ளும் என்று இன்ஜினியர் ஜெபசிங் சொல்லியிருந்தார். விமானமே போனாலும் அது ஏன் விழுந்தது என்று காகிதம் காட்டிவிடுமாம்.

"ஓட்டுறவரு நெஞ்சு அடிக்கிறத எழுதாதா தம்பி?"

"அதுக்குக் கோடு கெடையாதுக்கா" என்று சிரித்தார்.

இன்று நான்கு பேனாக்களும் சேர்ந்தாற்போல ஓய்ந்தன. வண்டியில் இருந்தவர்கள் காகிதத்தைக் கிழித்து விரித்து, அதன்மேல் குனிந்துகொண்டார்கள். கடல் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

சங்கு குளிக்கிற கஸ்பார்தான் வள்ளத்தைத் தள்ளினான். "ஏளா, மூச்சு அடங்குமுன்ன தூக்கிரணும்" என்றதோடு சரி.

குளிக்கிறவனின் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பது வழக்கம். அக்காள் தாலிக்கு அவனைவிடக் காவல் யார்? அல்போன்சாவின் தம்பி கயிற்றை விடாமல்தான் பிடித்திருந்தான். மூன்றாம் முறை, கயிறு இறக்கையில் மாட்டுகிறது, உள்ளே நுழைய முடியவில்லை என்று கஸ்பாரே அதை அவிழ்த்துப் போட்டுவிட்டு இறங்கினான்.

தம்பி குதித்து இழுத்து வந்தபோது கஸ்பாரின் உடம்பில் மூச்சில்லை.

சத்தம் கேட்டு ஓடிவந்த ஜெபசிங், விமானத் தகடு பொறுக்கத்தான் வள்ளம் போகிறது என்று நினைத்ததாக முணுமுணுத்தார். அவர் சொன்னது அவள் காதில் ஏறவில்லை. கஸ்பாரின் முடியில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்துக்கொண்டே பேசினாள்.

"எங்க வீட்டுக்காரரால ஒங்க ஆள மேல கொண்டாரமுடியல, தம்பி. அவரு பொஞ்சாதி வந்தா சொல்லுங்க. கயித்தையும் அவுத்துட்டுப் போயித் தேடுனாருன்னு."

ஜெபசிங் மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அத இங்கன இருந்தேதான் ஓட்டுனோம்க்கா, உள்ள ஆளே கெடையாது."