தானாக விழித்த திரை

காலி நாற்காலிக்கு எதிரே இருந்த மானிட்டர் மறுபடியும் தானாக விழித்துக்கொண்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற பனியன் கம்பெனி முதலாளி மருதாசலம், கம்ப்யூட்டர் சர்வீசுக்கு வந்திருந்த பிரிசில்லாவின் பக்கம் திரும்பினார்.

"பாத்தியா கண்ணு? ஆளே இல்லாம முழிக்குது. வெளிய இருந்து எவனோ உள்ள பூந்து என்ற டிசைன அள்ளறான். இவந்தான் வழி உட்டிருக்கான்."

டிசைனர் மோகன்ராஜ் சுவரோரம் நின்றிருந்தான். அவன் வரைந்த குழந்தைகள் பனியன் டிசைன்கள், வாங்குபவருக்குச் சாம்பிள் போகும் முன்பே வேறொரு கம்பெனியின் கைக்குப் போயிருந்தன.

"சத்தியமா நான் யாரையும் உள்ள உடலீங்க." அவன் குரல் உடைந்தது.

"உன்ற பொண்டாட்டி மாசமா இருக்கான்னு பாக்கறேன். இல்லீனா இந்நேரம் ஸ்டேஷனுக்குப் போன் போட்டிருப்பேன்."

கம்ப்யூட்டர் பார்க்க வந்த இடத்தில், ஒருவனின் பிழைப்பு பிரிசில்லா சொல்லப்போகும் வார்த்தையில் இருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்தாள்; விண்டோசுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர். வெளியிலிருந்து யாராவது நுழைந்த தடம் இருக்கிறதா என்று அலசினாள், ஒன்றும் இல்லை. யாரும் தொடாதபோது திரையை அணைக்கும் பவர் சேவிங்கும் சரியாகத்தான் இருந்தது. திரை சீக்கிரமே அணையும்படி மாற்றிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

அணைந்தது. மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பளிச்சென்று மறுபடி எரிந்தது.

மருதாசலம் செல்போனை எடுத்தார். மோகன்ராஜ் அப்படியே சுவரில் சாய்ந்தான்.

"செத்த இருங்க சார்!"

அவரைத் தடுத்த பிரிசில்லா மேசைமேல் உள்ளங்கையை வைத்தாள். கீழ்த்தளத்தில் ஓடும், பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்களின் அதிர்வு குறுகுறுத்தது. மவுஸின் அசைவுகளைக் காட்டும் கட்டளையைத் தட்டினாள். யாரும் மவுஸைத் தொடாமலே அசைவுகள் திரையில் வரிவரியாக ஓடின.

மவுஸைப் பிடுங்கிவிட்டுக் காத்திருந்தாள். திரை அணைந்தது. அணைந்தபடியே கிடந்தது.

"மெஷின் ஓடறப்ப மேசை அதுருதுங்க சார். மவுஸ யாரோ நகத்தறாங்கன்னு ஸ்கிரீன் முழிச்சுக்குது. வெளிய இருந்து யாரும் வரலீங்க."

"அப்பறம் டிசைன் எப்படிப் போச்சு?"

"அது எனக்குத் தெரியலீங்க. ஸ்கிரீன் முழிக்கறதுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க."

மருதாசலம் செல்போனைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு மோகன்ராஜின் தோளைத் தட்டினார். "மனசுல வெச்சுக்காத கண்ணு. போ, ஒரு டீயக் குடிச்சுப்போட்டு வா."

மோகன்ராஜ் பிரிசில்லாவைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனான். அவன் கண்கள் கலங்கியிருந்தன.

அதிர்வு ஏறாமலிருக்க மேசைக்கடியில் கனமான ரப்பர் விரிப்பு போடச் சொல்லிவிட்டு, அவளும் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். நல்ல காரியம் செய்த நிறைவு மனதில் இருந்தது.

வண்டியை எடுக்கும்போது ஜெனரேட்டர் அறைக்குப் பின்னாலிருந்து மோகன்ராஜின் தணிந்த குரல் கேட்டது. யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"இனிப் பயமில்லீங்க, பழி மவுஸ் மேல போயிருச்சு... அடுத்த டிசைன போட்டோ எடுத்து அனுப்பட்டுங்களா?"