சரிவில் இறங்கும் முன்

மாமனாரின் கைக்கு இன்று பெல்ட் பிடிபடவில்லை.

அவள் புல் வெட்டும் சின்ன டிராக்டரின் இருக்கையில், தையற்காரரிடம் அளவு கொடுப்பவள்போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் குனிந்து பெல்ட்டின் நாக்கைப் பூட்டுக்குள் நுழைக்கப் பார்த்தார். தவறியது. மறுபடி பார்த்தார். மறுபடியும் தவறியது.

அவளே மாட்டிக்கொண்டால் அரை நொடி வேலை.

மாட்டிக்கொள்ளவில்லை. மூன்று வருடமாக இது அவருடைய வேலை. கைநடுக்கம் வந்தது போன மாதம்தான்.

அவர்கள் நடத்தும் தங்கும் விடுதிக்குப் பின்னால் அந்தப் புல்வெளி சரிந்து இறங்கி ஒரு கல்சுவரில் போய் முடியும். மேலே பால்கனியில் நின்று பார்க்கிறவர்களுக்கு அது பச்சைக் கம்பளம். அதன் குணம் வெட்டுகிறவளுக்குத்தான் தெரியும்.

மாமனார் முப்பது வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வேலையை விட்டவர் விசிலை விடவில்லை. புல் வெட்டும் நாளில், ஈரம் காய்ந்ததா என்று செருப்பைக் கழற்றிவிட்டுச் சரிவு முழுக்க நடந்து பார்ப்பார். பாதத்தில் ஈரம் ஒட்டினால் ராஜாவே வந்து நின்றாலும் வண்டி நகராது. மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே. குறுக்கே ஓட்டும் பேச்சே கிடையாது. திருப்புவதெல்லாம் சமதரையில்தான். சுவரோரம் நாலடி விட்டுவிட வேண்டும். அதை அவரே கையால் வெட்டிக்கொள்வார்.

கடைசியாக, இருக்கைக்குப் பின்னால் ஆள் தலைக்கு மேல் வளைந்து நிற்கும், மடக்கவும் கூடிய இரும்புக் கம்பியைப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். வண்டி உருண்டால் ஆள் நசுங்காமல் தாங்குவது அந்தக் கம்பிதான். பிறகு பெல்ட். பிறகு ஒரு விசில்.

“புல்லு வெட்டப் போறாங்களா, போருக்குப் போறாங்களா?” என்று தங்க வந்த ஒருவர் கேட்டதைச் சொல்லிச் சொல்லி மாமனாரும் மருமகளும் ஒரு வாரம் சிரித்தார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் இந்த இருக்கையில் அவள் கணவன் இருந்தான்.

வண்டி ஒரே ஒரு தடவைதான் உருண்டது. அன்றைக்குக் கம்பி மடங்கிக் கிடந்தது.

கம்பி நிமிர்ந்து நின்றிருந்தால் பிழைத்திருப்பான் என்றார்கள். அவசரக்காரன், அவனே மடக்கிவிட்டு மறந்திருப்பான் என்றார்கள். துக்கத்துக்கு வந்தவர்கள் அவன் அசட்டையைப் பற்றியே பேசிவிட்டு எழுந்து போனார்கள்.

மாமனார் அதை மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை.

மூன்றாவது முறையும் நாக்கு வழுக்கியது. அவர் பெல்ட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். குனிந்த தலை நிமிரவில்லை.

“கம்பிய நான்தாம்மா மடக்கினேன்” என்றார், பெல்ட்டிடம் சொல்வதுபோல. “வண்டிய வெளிய எடுக்கறப்ப ஷெட்டு வாசல்ல இடிச்சுது. வெளிய வந்ததும் தூக்கி விடலாம்னு இருந்தேன். யாரோ வாசல்ல கூப்பிட்டாங்க, போயிட்டேன். அவன் என்னை நம்பி ஏறிட்டான்.”

அவள் தூக்கியிருந்த கைகளைக் கீழே இறக்கினாள்.

“தெரியும் மாமா.”

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“சமையலறை சன்னல்ல இருந்து பாத்தேன்.”

இத்தனை வருடமும் தெரிந்துகொண்டேதான் இவள் என் கையால் பெல்ட் மாட்டிக்கொண்டாளா? மகனைப் பறிகொடுத்த வீட்டில், தட்டில் சோறு போட்டு, “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க மாமா” என்று சொன்னதெல்லாம் தெரிந்துகொண்டேதானா? கிழவரின் கண்கள் நிறைந்துவிட்டன. கும்பிடத்தான் போகிறார் என்று அவளுக்குத் தோன்றியது.

அதோடு அவள் நிறுத்தியிருக்கலாம். அவர் சாகிறவரை அவளைத் தெய்வமாக நினைத்திருப்பார்.

அவர் கை உயர்வதற்குள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“நீங்க போனதயும் பாத்தேன். அவர் ஏறினதயும் பாத்தேன். கம்பி மடங்கியே இருக்குன்னு அங்க இருந்தே தெரிஞ்சுது மாமா. காலையில எனக்கும் அவருக்கும் சண்டை. ஒண்ணுமில்லாத சண்டை. இனிமே அவர்கூட பேசவே மாட்டேன்னு சொல்லிட்டேன். அந்த வீம்புல…” அவள் சமையலறைச் சன்னல் பக்கம் பார்த்தாள். “சன்னலைத் திறந்து ஒரு குரல் குடுக்கல.”

பெல்ட் அவர் விரல்களிலிருந்து நழுவி இருக்கையின் ஓரத்தில் தொங்கியது.

அவர் கையை உருவிக்கொள்ளவில்லை. பிறகு, வகுப்புக்கு அழுதுகொண்டு வந்த பிள்ளையிடம் பேசுகிற குரலில் சொன்னார்.

“அவன் சின்னதுல இருந்தே பிடிவாதக்காரன்மா. நீ கூப்பிட்டிருந்தாலும் காதுல போட்டுக்கிட்டிருக்க மாட்டான்.”

பொய்.

அவள் கூப்பிட்டால் பாதிச் சோற்றில் கையை உதறிக்கொண்டு எழுந்து வருகிறவன் அவன். கட்டிக்கொண்டவளுக்கும் அது தெரியும், பெற்றவருக்கும் தெரியும்.

“ஆமா மாமா” என்றாள் அவள்.

அன்றைக்குப் புல்லை யாரும் வெட்டவில்லை.