தென்னரசு சாகும் காட்சி

திண்டிவனத்துத் தியேட்டரில் மேட்னி விட்டிருக்கிறது. இருட்டிலிருந்து வந்தவர்கள் சாய்ந்த வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்க, யூடியூப் சேனல்காரப் பெண் ஒவ்வொருவர் வாயருகிலும் மைக்கை நீட்டுகிறாள். "நிஜ மிலிட்டரிக்காரங்களே நடிச்சிக்கிறாங்க, ஃபைட்டு வேற லெவலு!" என்று கத்துகிறான் ஒருவன். "ஓடுறது, சுடுறதுலாம் சரிதான். வசனத்த மட்டும் பரேடுல நிக்கிற மாரி ஒப்பிக்கிறானுங்க," என்கிறார் உள்ளங்கையில் வறுத்த மல்லாட்டைக் கொட்டையைத் தேய்த்துத் தோலை ஊதிக்கொண்டிருக்கும் பெரியவர். தியேட்டர் கேட் ஓரம், மயிலம் பஸ்ஸுக்குப் போக மனமில்லாமல் நிற்கிறாள் இசைவாணி. படத்தில் குண்டடிபட்டு விழுந்து, கொடி போர்த்தப்பட்டுக் கிடக்கும் சிப்பாய் அவள் புருஷன் தென்னரசு. நிஜத்திலும் சிப்பாய்தான், இப்போது எல்லையில் டூட்டி. "புருஷன் சாவுறதப் பொண்டாட்டி பாக்கக் கூடாதுடி, சினிமாவா இருந்தாலும்," என்று மாமியார் தடுத்தும் கேட்காமல் வந்துவிட்டாள். அந்தக் காட்சியில் தாலிக்கயிற்றைப் பற்றிய கை இன்னும் அங்கேயே இருக்கிறது. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு. மைக் அவளிடம் வருகிறது.

"அக்கா, கொடி போத்துற சீன்ல அழுதீங்களா?"

"எங்க அழுறது? போத்துன கொடி ஏறி ஏறி எறங்கிக்கினு இருந்திச்சு. உள்ள அவரு மூச்சு விட்டுக்கினு கெடக்குறாரு."

"அய்யோ, அப்ப அது டைரக்டர் மிஸ்டேக்குக்கா!"

"மிஸ்டேக்குதான்மா," கை தாலியை விட்டு இறங்குகிறது. "நாளைக்கு எங்க அத்தையக் கூட்டிக்கினு வந்து காட்டப்போறேன்."